பாக்கெட் பிரிக்காத வாரம்: களி, கொள்ளுக் கடைசல், சாமைச் சோறு

ஓசூரில் இரண்டாம் ஷிப்டு முடித்து அறைக்கு வருகிறவருக்கு மணி பதினொன்றைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பசி காத்திருக்காது. ஆனால் பாக்கெட்டுக்குள் நாம் காசு கொடுத்து வாங்குவது எதை என்று பார்த்தால் பெரும்பகுதி முன்வேலைதான். யாரோ மாவை அரைத்து, மிளகாயை வறுத்து, உப்பையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். புளி பேஸ்ட், குழம்புப் பொடி, இட்லி மாவு, தக்காளிச் சாத மிக்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். அடுப்பில் ஆகிற நேரம் களிக்கே அரை மணிதான். சாமைச் சோற்றுக்குப் பதினைந்து நிமிடம். ஊறவைப்பது, காயவைப்பது, அரைப்பது, கரைப்பது ஆகிய நான்கும்தான் சமையல் என்றாலே மலைப்பைக் கொடுக்கின்றன. அவற்றை வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஒதுக்கி முடித்துவிட்டால், மற்ற நாட்களில் பாக்கெட் மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லும் நேரம் அப்படியொன்றும் பெரிதாக இருக்காது.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ராகி, கொள்ளு, சாமை, புளி, தக்காளி எல்லாம் சுற்றுவட்டாரத்தில் விளைவது. சந்தையில் முழுத் தானியமாக, மூட்டையாகவே கிடைக்கும்.

கீழே டம்ளர் என்றால் 200 மில்லி, ஸ்பூன் என்றால் டீ ஸ்பூன். தனியாகச் சொல்லாத இடங்களில் அளவு நான்கு பேருக்கு.

தண்ணீரைக் கவனித்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். காய்ச்சினால் புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் செறிவாகத்தான் ஆகும். குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீர் பிடித்துவிட்டு, சோறு வடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் போர் தண்ணீரை ஊற்றினால் பாதி புண்ணியம் போயிற்று. உலைத் தண்ணீரும் குடிநீரும் ஒன்றாகவே இருக்கட்டும். பாத்திரம் கழுவவும் தானியத்தை முதல் இரண்டு முறை அலசவும் போர் தண்ணீர் போதும்.

உலைக்கும் குடிநீரையே எடுக்க இன்னொரு காரணம் போர் தண்ணீரின் கடினத்தன்மை. கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு மணிக்கணக்கில் கிடந்தும் வேகவில்லை என்றால் எல்லோரும் பயறைத் திட்டுவார்கள். பாதி நேரம் குற்றவாளி தண்ணீர். அதில் உள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் பயறின் தோலிலும் செல்சுவரிலும் உள்ள பிசின் போன்ற பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கெட்டிலில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் என்றால் பயறு வேகத் தாமதமாகும் என்று வைத்துக்கொள்ளலாம். மழைநீரோ ஒகேனக்கல் தண்ணீரோ ஊற்றி ஊறவைத்து, அதே தண்ணீர் வகையில் வேகவைத்தால் வித்தியாசம் தெரியும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு ஊர்கள். கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் அளவில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் கீழ்நாட்டை விட ஐந்து, பத்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். குக்கரில் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது.

ராகி மாவு

மாவுப் பாக்கெட்டில் இரண்டு பிரச்சினை. எப்போது அரைத்தது என்பது வாசனையில் தெரியாமல் போகும். சில மாவு வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று நன்றாகச் சலிக்கப்பட்டிருக்கும். ராகியின் சுண்ணாம்புச்சத்து, 100 கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம், பெரும்பங்கு தோலோடு ஒட்டி இருக்கிறது. சலிப்பில் போவது அதுதான்.

மாதத்துக்கு 3 கிலோ ராகி ஒரு சின்னக் குடும்பத்துக்குச் சரியாக வரும். 2023-இல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. அப்படி வாங்குவதையும் இதே வழியில் சுத்தம் செய்ய வேண்டும். கார்த்திகை, மார்கழி அறுப்பு முடிந்து தை மாதத்தில் சந்தைக்கு வரும் புது ராகி களிக்கு இனிப்பாக இருக்கும். வாங்கும்போது ஒரு சிட்டிகை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள். நறநறத்தால் மண் அதிகம்.

முறத்தில் புடைத்துத் தூசியை நீக்குங்கள். பிறகு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக் கலக்கி, மேலே மிதக்கும் சாவியை, அதாவது மணி பிடிக்காத பொக்கை, ஊற்றிவிட்டு, ராகியைத் தண்ணீரோடு சிறுகச் சிறுக இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்த்து அரியுங்கள். கல்லும் மணலும் அடியில் தங்கும். கடைசிப் பிடி ராகியைக் காப்பாற்ற நினைத்தால் கல் எல்லாம் கூடவே வந்துவிடும், அதைக் கோழிக்குப் போட்டுவிடலாம். மூன்று முறை அரித்தால் போதும்.

வடிகட்டி, வேட்டித் துணியில் மெல்லிசாகப் பரப்பி முழு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. ஈரத்தோடு மில்லுக்குப் போனால் மாவு கல்லில் ஒட்டும், சூடேறிக் கருகல் வாசம் வரும், பத்து நாளில் வண்டு விழும். மில்லில் உங்களுக்கு முன்னால் மிளகாய் ஓடியதா என்று கேட்டுவிட்டுப் பையைக் கொடுங்கள். அரைத்து வந்த மாவு கைசுடும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் ஆவி உள்ளேயே குளிர்ந்து கட்டி பிடிக்கும், கசப்பும் ஏறும். செய்தித்தாளில் பரப்பி ஆறவைத்த பிறகுதான் டப்பா. வெளியில் வைத்தால் ஒரு மாதம். அதற்கு மேல் ராகியிலுள்ள எண்ணெய்ப்பசை கெட்டுச் சிக்கு வாசம் வந்துவிடும். அதனால் 10 கிலோ அரைத்து வைப்பதில் லாபமில்லை. தானியமாக இருந்தால் ராகி வருடக்கணக்கில் கெடாது. குழந்தைக்குக் கூழ் காய்ச்ச மட்டும் மெல்லிய சல்லடையில் சலியுங்கள். களிக்குச் சலிக்க வேண்டாம்.

களி

தேவை: ராகி மாவு 2 டம்ளர், அரிசி நொய் கால் டம்ளர், தண்ணீர் 5 டம்ளர், கல் உப்பு 1 ஸ்பூன். நொய் இல்லையென்றால் பச்சரிசியை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு உடைத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் கணக்கு இப்படி: மாவு ஒன்றுக்கு இரண்டு, நொய்யுக்குத் தனியே ஒரு டம்ளர். பழைய ராகி மாவு கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். அதற்கு அரை டம்ளர் வெந்நீர் கைவசம் இருக்கட்டும்.

அடிகனமான, வாய் ரொம்ப அகலமில்லாத பாத்திரம் வேண்டும். மெல்லிய அலுமினியத்தில் அடி பிடிக்கும். வாய் அகலமாக இருந்தால் மாவுக் குவியல் பரந்து வேகாமல் போகும். கிண்ட மரத் துடுப்பு. அது இல்லாத அறையில் கெட்டியான மரக்கரண்டியின் காம்பு.

நொய்யைக் கழுவி இருபது நிமிடம் ஊறவிடுங்கள். தண்ணீர் கொதித்ததும் உப்பும் நொய்யும் போட்டு, பத்து நிமிடத்தில் நொய் மலர்ந்து கஞ்சி மாதிரி ஆனபின், ஒரு டம்ளர் கஞ்சித்தண்ணீரை எடுத்துத் தனியே வையுங்கள். இது அவசரத்துக்கு. இப்போது 2 ஸ்பூன் மாவைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து உலையில் ஊற்றுங்கள். உலை லேசாகக் கெட்டிப்பட்டு, அடுத்து விழும் மாவைத் தாங்கும். மீதி மாவை நடுவில் ஒரே குவியலாகக் கொட்டுங்கள்.

கிண்டாதீர்கள். முதல் தடவை செய்கிறவர் தோற்பது இங்கேதான். கை சும்மா இருக்காது. துடுப்புக் காம்பால் குவியலில் நான்கைந்து ஓட்டை குத்தி, தீயைக் குறைத்து, பாதி மூடி விடுங்கள். கொதி ஓட்டைகள் வழியாகவும் சுற்றுவட்டத்திலும் மேலேறி மாவை நனைக்கும். எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் குவியலின் மேல்மாவும் ஈரமாகி நிறம் கருத்துவிடும். அதுவரை பொறுங்கள்.

பிறகு பாத்திரத்தை இறக்கித் தரையில் துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாவைப் பாத்திரத்தின் சுவரோடு அழுத்தி அழுத்திக் கிண்டுங்கள். வட்டமாகச் சுழற்றினால் கட்டி உருண்டு உருண்டு தப்பிக்கும். சுவரில் தேய்த்தால்தான் உடையும். இறுக்கமாக இருந்தால் எடுத்து வைத்த கஞ்சித்தண்ணீரைக் கால் டம்ளர் கால் டம்ளராக விடுங்கள். பச்சைத் தண்ணீர் விடக் கூடாது. மூன்று, நான்கு நிமிடத்தில் மாவு ஒன்றாகச் சேர்ந்து பளபளக்கும். திரும்ப அடுப்பில் ஏற்றி, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, மிகச் சிறிய தீயில் ஐந்து நிமிடம் ஆவியில் விடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்தால் பச்சை வாசனை நாளெல்லாம் ஏப்பத்தில் வரும்.

விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம். நனைத்த தட்டில் கொட்டி, கையை நனைத்துக்கொண்டு சூட்டிலேயே உருட்டுங்கள். நான்கு உருண்டை வரும்.

கெட்டுப்போகிற வகைகளையும் சொல்லிவிடலாம். கட்டி விழுவது கிண்டியதால் மட்டும் அல்ல, மாவைத் தூவித் தூவிப் போட்டாலும் விழும். சூட்டு நீர் பட்டவுடன் மாவின் வெளிப்புறம் வெந்து தோல் போலாகி, உள்ளே உலர்ந்த மாவை அடைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு கொதித்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. களி தளர்ந்து கூழாகிவிட்டால் அதற்கு மேல் மாவைப் போட்டுக் காப்பாற்ற முடியாது, அந்த மாவு வேகாது. அன்றைக்குக் கூழ் என்று பெயரை மாற்றிக்கொள்வதே மேல். ஆறியபின் கல்லாகிறது என்றால் தண்ணீர் குறைந்திருக்கிறது. தொண்டையில் பிடிக்கிறது என்றால் ஆவி போதவில்லை.

தனியாளுக்கு என்றாலும் ஒரு டம்ளருக்கும் குறைவான மாவில் செய்யாதீர்கள். குவியல் சின்னதாக இருந்தால் வேகுமுன் அடி பிடித்துவிடும். மிஞ்சும் உருண்டையை முழுகத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், காலையில் கரைத்து, ஒரு டம்ளர் மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்துக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரமே போதும். அதற்கு மேல் விட்டால் புளிப்பு எல்லை மீறும்.

கொள்ளு: ஒரு வேக்காட்டில் இரண்டு சமையல்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் உள்ள பையூர் ஆராய்ச்சி நிலையம் பையூர் 1, பையூர் 2 என்று கொள்ளு ரகங்களையே வெளியிட்டிருக்கிறது. அந்த அளவுக்கு இது இந்த மண்ணின் பயிர். ரகத்தை விட வயதுதான் சமையலுக்கு முக்கியம். இரண்டு வருஷக் கொள்ளு குக்கரே வெடித்தாலும் வேகாது. நிறம் மங்கி, சுருங்கிக் கிடப்பதைத் தள்ளுங்கள்.

ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பொறுக்கிக் கழுவி, நான்கு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்பார்கள். உண்மையில் ஊறும்போது சேரும் உப்பு தோலை இளக்கவே செய்கிறது. தடுப்பது புளிப்பு. புளியோ தக்காளியோ கொள்ளு மசிந்தபின்தான் சேர வேண்டும். ஆப்பசோடா போடுவது வேகமான வழிதான். ஆனால் பி1 சத்து போய்விடும், கொஞ்சம் கை தவறினாலும் சோப்பு வாசனை வரும்.

ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் மூன்றரை டம்ளர் விட்டு, முதல் விசிலுக்குப் பிறகு சின்னத் தீயில் இருபது நிமிடம் வையுங்கள். பிரஷர் தானாக இறங்கட்டும். ஒரு கொள்ளை இரு விரலால் நசுக்கினால் வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும். தண்ணீரை இறுத்து வையுங்கள், அதுதான் ரசம்.

கடைசலுக்கு: 2 ஸ்பூன் எண்ணெயில் காய்ந்த மிளகாய் 6, மல்லி 2 ஸ்பூன், சீரகம் 1 ஸ்பூன் வறுத்து, பூண்டு 8 பல், சின்ன வெங்காயம் 12, தக்காளி 2 சேர்த்துத் தக்காளி குழையும்வரை வதக்குங்கள். வெந்த கொள்ளு, 1 ஸ்பூன் உப்பு, 2 ஸ்பூன் புளிக்கரைசலோடு எல்லாவற்றையும் மண்சட்டியில் போட்டு மத்தால் கடையுங்கள். பாதி கொள்ளு முழுசாகவும் பாதி மசிந்தும் இருப்பதுதான் பதம். மிக்ஸி என்றால் நன்றாக ஆறவிட்டு, விட்டு விட்டு மூன்று தடவை மட்டும் ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் கொழகொழவென்று பசையாகிவிடும். சூட்டோடு மூடிப் போட்டு ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கியடிக்கும், கவனம். கடைசியில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.

ரசத்துக்கு இறுத்த தண்ணீர் 2 டம்ளர், புளிக்கரைசல் 4 ஸ்பூன், பிசைந்த தக்காளி ஒன்று, தட்டிய மிளகு 1 ஸ்பூன், சீரகம் 1 ஸ்பூன், பூண்டு 4 பல், உப்பு. நுரை கட்டி மேலெழும்போது இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் மணம் ஆவியோடு போய், அடியில் வண்டல்தான் நிற்கும்.

மார்கழி, தை வந்தால் கொள்ளுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு அவரைக்கொட்டைக்கு மாறலாம். பச்சை அவரைக்கொட்டையை இரவு ஊறவைத்துக் காலையில் தோலைப் பிதுக்கி எடுத்தால் பிதுக்கம்பருப்பு. கை வலிக்கிற வேலைதான், ஆனால் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சோடு முடிந்துவிடும். ஊறவைத்ததால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும், குக்கரே வேண்டாம்.

புளிக்கரைசல், குழம்புத்தூள், தொக்கு

மாசி, பங்குனியில் புளி உலுக்கும்போது வாங்கிக் கொட்டை, நார் எடுத்து, கல் உப்புத் தூவி ஜாடியில் அடைத்து வைப்பது நம் பக்க வழக்கம். அதிலிருந்து வாரத்துக்கு 200 கிராம் எடுத்து, அரை லிட்டர் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, வடிகட்டி, 4 ஸ்பூன் உப்புச் சேர்த்துத் தோசைமாவுப் பதத்துக்குச் சுண்டவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். 350 மில்லி அளவுக்கு வரும். எவர்சில்வர் அல்லது மண்பாத்திரம்தான். ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் புளிப்போடு சேர்ந்தால் உலோகம் கரைந்து இறங்கும். கண்ணாடிப் பாட்டிலில் பிரிட்ஜில் மூன்று வாரம் இருக்கும். எலுமிச்சையளவு புளிக்கு இது 9 ஸ்பூன், நெல்லிக்காயளவுக்கு 3 முதல் 4 ஸ்பூன். 9 ஸ்பூனில் அரை ஸ்பூன் உப்பு ஒளிந்திருக்கிறது என்பதை மறந்தால் குழம்பு கரித்துவிடும்.

குழம்புத்தூள் மிக்ஸியில் அரைக்கும் அளவுக்கு, எல்லாம் கிராமில்: மல்லி 125, காய்ந்த மிளகாய் 60, துவரம்பருப்பு 15, கடலைப்பருப்பு 15, சீரகம் 15, மிளகு 10, வெந்தயம் 5, மஞ்சள்தூள் 10. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுங்கள். ஒன்றாகப் போட்டால் மல்லி வறுபடுமுன் வெந்தயம் கருகும், கருகிய வெந்தயம் 5 கிராம்தான் என்றாலும் மொத்தத் தூளையும் கசக்க வைக்கும். மிளகாயை வெயிலில் காயவைத்தாலே போதும், வறுத்தால் வீடு முழுக்க இருமல். நான்கு பேர் குழம்புக்கு 4, 5 ஸ்பூன். கால் கிலோ ஒரு மாதத்துக்கு மேல் வரும்.

பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தையில் தக்காளி விலை தரையில் கிடக்கும் நாட்களில் தொக்குப் போட்டுவிட வேண்டும். 2 கிலோ தக்காளியை நறுக்கி, தண்ணீர் விடாமல், முதல் இருபது நிமிடம் பெரிய தீயில் நீர் வற்ற வேகவையுங்கள். பிறகு 150 மில்லி நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, தக்காளி, மிளகாய்த்தூள் 10 ஸ்பூன், மஞ்சள்தூள் 1 ஸ்பூன், உப்பு 6 ஸ்பூன், புளிக்கரைசல் 6 ஸ்பூன் போட்டுச் சின்னத் தீயில் கிளறுங்கள். நாட்டுத் தக்காளி என்றால் புளி பாதி போதும். எண்ணெய் விளிம்பில் பிரிந்து நிற்கவும், கரண்டியால் கோடு போட்டால் மூடாமல் இருக்கவும் வேண்டும். அரை மணிக்கு மேல் ஆகும். இறக்குமுன் வறுத்துப் பொடித்த வெந்தயம் 1 ஸ்பூன். தண்ணீர்ப்பசை மிச்சமிருந்தால் ஒரே வாரத்தில் மேலே வெள்ளைப் பூஞ்சை படரும். பூஞ்சையைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம் என்று பார்க்காதீர்கள், முழுசையும் கொட்டிவிடுங்கள். சோற்றில் 3 ஸ்பூன் தொக்கைப் பிசைந்தால் அதுவே தக்காளிச் சாதம்.

சாமை

சித்தேரி மலைச் சாமை அரூர் பக்கம் கிடைக்கும். பளிச்சென்று வெள்ளையாக இருப்பது தவிடு முழுக்கப் போனது. லேசான மங்கல் நிறம் பரவாயில்லை, ஆனால் தவிட்டோடு இருப்பதை இரண்டு, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். முகர்ந்தால் பழைய எண்ணெய் வாசம் வந்தால் கசக்கும். இதையும் ராகி போலவே அரிக்க வேண்டும், கல் கட்டாயம் இருக்கும்.

அரைமணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் கொதிக்கும்போது போட்டு, பத்து நிமிடம் வேகவிட்டு, தண்ணீர் மேலே தெரியாமல் போனதும் அணைத்து மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். வெந்தபின் கரண்டியைப் போட்டுக் கலக்காமல் முள்கரண்டியால் கிளறினால் உதிரியாக நிற்கும். அரிசி மாதிரி நிறையத் தண்ணீரில் போட்டு வடிக்க முயன்றால் பாதி சாமை வடிதட்டின் ஓட்டையோடு போய்விடும்.

இட்லி மாவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இட்லி அரிசி நான்கு, உளுந்து ஒன்று, வெந்தயம் ஒரு ஸ்பூன், எல்லோருக்கும் தெரிந்ததே. தருமபுரியில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, மார்கழியில் ஓசூரில் பதினான்கு மணி நேரமானாலும் அசையாது. அரைத்த மாவுப் பாத்திரத்தை அரிசி டிரம்முக்குள் இறக்கி மூடி வைத்தால் சூடு தங்கும். மீந்த மாவு இரண்டு கரண்டிக்கு ஒரு கரண்டி ராகி மாவைக் கரைத்து அரை மணி விட்டால் ராகி தோசை.

பாக்கெட் வாங்கியே ஆக வேண்டுமென்றால்

பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியல் எடையில் அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. முன்பக்கத்தில் ராகிக் கதிர் படம் இருக்கும். பின்னால் முதலில் மைதாவோ கோதுமை மாவோ நின்று, ராகி மூன்றாவதாக வந்தால் அது ராகி நூடுல்ஸ் என்று சொல்லிக்கொள்கிற மைதா நூடுல்ஸ். உப்பைப் பார்க்க சோடியத்தை 2.5-ஆல் பெருக்குங்கள். 100 கிராமில் 1200 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால், 70 கிராம் பாக்கெட்டில் 840. உப்புக் கணக்கில் 2.1 கிராம். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வேளையிலேயே ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்தது.

ஒற்றை அடுப்பு அறைக்கு

பிரிட்ஜ் இல்லாத, ஒரு குக்கரும் ஒரு வாணலியும் உள்ள அறைக்கு மேலே சொன்ன எல்லாம் ஒத்துவராது. புளிக்கரைசல் வெளியில் இரண்டு நாளில் நுரைத்துவிடும், அதனால் உப்புப் புளியாகவே வைத்து அப்போதைக்கப்போது கரைத்துக்கொள்ளுங்கள். தொக்கும் குழம்புத்தூளும் வெளியிலேயே நிற்கும். தொக்கின் மேல் எண்ணெய் ஒரு விரல் உயரம் நிற்க வேண்டும், ஈரக் கரண்டி படக் கூடாது.

இரவு பதினொன்றுக்கு வருகிறவர் மதியம் கிளம்பும்போதே அரை டம்ளர் சாமையையும் கால் டம்ளர் பாசிப்பருப்பையும் அரித்து, தண்ணீரை முழுக்க வடித்து, குக்கரில் மூடி வைத்துவிடலாம். வெயில் காலத்தில் இந்த ஈரமே எட்டு மணி நேரத்தில் புளித்த வாசம் கொடுக்கும், அப்போது உலர்வாகவே அளந்து வைத்துவிட்டு வந்ததும் அரியுங்கள். வந்ததும் 3 டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் உப்பு, நசுக்கிய மிளகு அரை ஸ்பூன், சீரகம் அரை ஸ்பூன், இஞ்சி ஒரு துண்டு போட்டு நான்கு விசில். கை கால் கழுவி, துணி மாற்றுவதற்குள் பிரஷர் இறங்கிவிடும். மூடியைத் திறந்ததும் தண்ணீராகத் தெரியும், பயப்படாதீர்கள். கரண்டியால் இரண்டு மசி மசித்து மூன்று நிமிடம் விட்டால் இறுகிப் பொங்கல் பதத்துக்கு வந்துவிடும். மேலே ஒரு ஸ்பூன் நெய், ஓரத்தில் தொக்கு.